மணிக்கூண்டு அண்ணன் மடி

கீழே விழுந்த ஆளைத் தூக்கி உட்கார வைக்கப் பெரிய பலம் ஒன்றும் வேண்டாம். முறை தெரிந்தால் போதும். ஆளுக்குப் பின்னால் போய் முழங்காலிட வேண்டும். அக்குள் வழியாக இரண்டு கையையும் முன்னால் விட்டு, அவர் முதுகை நம் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அவர் கனம் அவருடையதல்ல, நம்முடையது. பத்மாவதி இதை இருபது வயதில் ஒரு முதியோர் இல்லத்தில் கற்றாள். பிறகு எத்தனையோ பேரை அப்படித் தூக்கியிருக்கிறாள். ஆனால் ஊரே பார்க்க, கோயில் மண்டபத்தில், மேளச் சத்தத்துக்கு நடுவில் அந்தப் பிடியைப் போடுவோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அவள் மலேசியாவில், பத்து காவான் எஸ்டேட்டில் பிறந்தவள். லாரி ஓட்டுகிற ஒருவனைக் கட்டினாள். அவன் தாய்லாந்துப் பக்கம் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. லாரி மட்டும் வந்தது. அதற்காக அழுதுகொண்டு உட்கார அவளுக்கு நேரம் இருக்கவில்லை. பினாங்குத் தீவில், பாயான் பாருவில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து, வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைப் பகல் நேரத்தில் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். தொண்ணூற்றேழாம் வருஷம் அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அப்போது அவளிடம் இருந்த நோயாளி, அதே தீவின் புலாவ் டிக்குஸ் பகுதியில் இருந்த ஐயாத்துரை.

ஐயாத்துரை யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் வந்து, துறைமுக அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகன் பரமநாதன் மின்னணுத் தொழிற்சாலையில் இஞ்சினியர்; காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். கிழவருக்குக் கை நடுக்கம். சும்மா மடியில் கிடக்கும் போதுகூட இரண்டு கையும் மாத்திரை உருட்டுவதுபோல ஆடிக்கொண்டே இருக்கும். விரலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று மகன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தான். விரல் பழகவில்லை. ஓர் எழுத்தைத் தொட்டால் திரை முழுக்க அதே எழுத்து வரிசை கட்டி நின்றது.

ஆனால் கிழவர் அதற்குள் ஏழு கோட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஏழு கோட்டை ஒரு விளையாட்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். படம் கிடையாது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். டெலிபோன் வயரைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் பூனைகள் சண்டை போடுவதுபோலச் சத்தம் வரும். சத்தம் அடங்கினால் உள்ளே போய்விடலாம். ‘நீ ஒரு பாலத்தில் நிற்கிறாய். வடக்கே காடு. ஓநாய் ஊளையிடுகிறது’ என்று எழுத்து வரும். போ, அடி, ஓடு என்று நாம் எழுத வேண்டும். அதே நேரத்தில் ஈப்போவிலும் பட்டர்வொர்த்திலும் இருப்பவர்களும் அதே காட்டில் நிற்பார்கள். அவர்களோடு பேசலாம். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார்கள், நடுவில் மலாயும் வரும்.

உள்ளே எல்லாருக்கும் புனைபெயர்; பழகிய பிறகு சிலர் நிஜப் பெயரையும் சொல்வார்கள். ஒருவன் புலி, ஒருவன் இடிமுழக்கம். ஐயாத்துரை தன் அலுவலக ஜன்னலுக்கு எதிரே முப்பது வருஷம் பார்த்துக்கொண்டிருந்ததைப் பெயராக வைத்துக்கொண்டார்: மணிக்கூண்டு.

சாயங்காலத் தேநீர் முடிந்ததும் கிழவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். “பிள்ளை, கையைத் தாரும்” என்பார். பத்மாவதி பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை அடிப்பாள். வீரமாக முன்னேறுவது அவர் குணம். “அடியும், அடியும், பயப்படாதையும்!” என்று கத்துவார். சில சமயம் அவள் ‘அடி’ என்பதற்குப் பதிலாக ‘ஓடு’ என்று அடித்துவிடுவாள். மணிக்கூண்டு உயிரோடு இருந்ததற்கு அதுதான் காரணம். கிழவர் அதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தார்.

ஒருநாள் டெலிபோன் லைன் பாதியில் அறுந்து, மணிக்கூண்டு ஓநாய்களுக்கு நடுவில் நின்றுபோனது. மறுநாள் மத்தியானம் ஐயா தூங்கும்போது அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நோயாளியைத் தனியாக விட்டுவிட்டு வந்ததுபோல இருந்தது. உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று உள்ளே போனாள்.

மணிக்கூண்டு நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் பச்சைமிளகாய் என்ற பெயரில் ஒருத்தி ஓநாயிடம் கடிபட்டுக்கொண்டிருந்தாள். பத்மாவதி ஊசி போடும்போது நோயாளிகளிடம் சொல்வதை அப்படியே அடித்தாள். ‘மூச்சை விடு. ஒரே ஒரு கடிதான்.’ அடித்துவிட்டு ஓநாயைக் கொன்றாள். தானாகவே கொன்றாள், யாரும் சொல்லாமல். நாற்காலியிலிருந்து எழுந்து சமையலறை வரைக்கும் ஒரு நடை நடந்துவிட்டு வந்தாள். அவ்வளவு குஷி.

அன்றிலிருந்து மத்தியானம் இரண்டு மணிக்கு மணிக்கூண்டு அவளுடையது.

பச்சைமிளகாயின் நிஜப் பெயர் காமாட்சி. கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாதவள். மூன்று வயதுப் பெண் குழந்தை மத்தியானம் தூங்கும் நேரத்தில்தான் அவளால் வர முடியும். சாயங்காலம் மாமியார் ஹாலில் உட்கார்ந்துவிடுவார். பத்மாவதியை அவள் ஆம்பிளை என்றே நினைத்து ‘அண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். பத்மாவதி திருத்தவில்லை. ஏழு கோட்டையில் ஒரு சட்டம் உண்டு: ஒரு பெயருக்கு ஓர் ஆள்தான். இரண்டு பேர் ஒரே பெயரில் விளையாடுவது தெரிந்தால் அந்தப் பெயரை அழித்துவிடுவார்கள். விளையாட்டை நடத்துகிற அலாவுதீன், யூனிவர்சிட்டியில் படிக்கும் பையன், அந்த விஷயத்தில் ஈவு இரக்கம் பார்க்காதவன். இடிமுழக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேர் என்று தெரிந்த அன்றே இடிமுழக்கத்தைக் காணோம்.

அதோடு, அண்ணே என்று கூப்பிட்டால் நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் ஜூலையில் அலாவுதீன் அறிவித்தான். ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பினாங்கில் நேரில் சந்திப்போம். கூடிச் சாப்பிடுவோம். முகம் பார்ப்போம். ஐயாத்துரை அதைப் படித்துவிட்டு நாற்காலியிலேயே குதித்தார். “பிள்ளை, என்ர சாம்பல் நிறக் காற்சட்டை எங்கே? அயர்ன் பண்ணும்!” இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

மறுநாள் மத்தியானம் காமாட்சியும் குதித்துக்கொண்டு வந்தாள். ‘அண்ணே, அதே நாள் காலையில தண்ணீர்மலைக் கோயில்ல பாப்பாவுக்குக் காது குத்தலாம்னு இருக்கோம். தாய்மாமன் இல்லாத காதுன்னு அத்தை ரெண்டு வருஷமா தள்ளிப் போட்டுட்டே இருக்காங்க. பினாங்குல எனக்கு ஒரு அண்ணன் இருக்காரு, அவர் மடியிலதான் குத்தணும்னு சொல்லிட்டேன். வருவீங்கதானே?’

‘கட்டாயம் வர்றேன் தங்கச்சி’ என்று பத்மாவதி அடித்தாள். சந்தோஷத்தில் விரல் முந்திக்கொண்டது. அனுப்பிய பிறகுதான் உறைத்தது. தாய்மாமன் என்றால் மீசை வைத்த ஒருவன் வேட்டி கட்டிக்கொண்டு மடி காட்ட வேண்டும். நாற்பத்து மூன்று வயது பத்மாவதி எந்த முகத்தோடு போவாள்? போகாவிட்டால் மாமியார் முன்னால் அந்தப் பெண்ணின் கதி என்ன? உண்மையைச் சொன்னால் மணிக்கூண்டு அழியும். மூன்று வருஷ மணிக்கூண்டு. கிழவருக்குக் காலையில் படுக்கையைவிட்டு எழுந்திருக்க இருந்த ஒரே காரணம்.

இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நாள் தள்ளினாள். கடைசியில் அவளாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு சாயங்காலம். மணிக்கூண்டு நான்காம் கோட்டை வாசலில் நிற்கிறது. கிழவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கித் திரையைப் படிக்கிறார். திடீரென்று பச்சைமிளகாய் உள்ளே வந்தாள். மாமியார் குளிக்கப் போயிருந்த நேரம்.

“அண்ணே, ஒரு நிமிஷம்தான். பாப்பாவுக்குப் பாவாடை என்ன கலர் எடுக்கறீங்க? பச்சை வேணாம், அத்தைக்கு ஆகாது” என்று கிழவர் வாய்விட்டுப் படித்தார். திரும்பிப் பார்த்தார். “யார் இந்தப் பிள்ளை? என்னை ஏன் அண்ணே எண்டு கூப்பிடுது? எந்தப் பாவாடை?”

பத்மாவதி கையைத் துடைத்துக்கொண்டாள். கையில் ஈரம் ஒன்றும் இல்லை.

“ஐயா, நீங்க மத்தியானம் தூங்குவீங்கல்ல.”

“ஓம்.”

“மணிக்கூண்டு தூங்கறதில்லை.”

எல்லாவற்றையும் சொன்னாள். ஓநாய், காமாட்சி, தங்கச்சி, தாய்மாமன். கிழவரின் கை இரண்டும் நாற்காலிப் பிடியில் தாளம் போட்டன. கடைசியில் கேட்டார். “மத்தியானத்தில என்ர மணிக்கூண்டு வேற என்னவெல்லாம் செய்தது? ஒளிக்காமல் சொல்லும்.”

“ரெண்டாம் கோட்டைப் பாம்பை அடிச்சேன். ஈப்போ பெரியகருப்பனைக் கிணத்துல இருந்து தூக்கி விட்டேன். அப்புறம்... அந்த வெள்ளிக் கேடயம்.”

“கள்ளன் எடுத்த கேடயமோ?”

“கள்ளன் எடுக்கலை. ஹனீபாவுக்குக் கொடுத்தேன். பாவம், வெறுங்கையோட நின்னாரு.”

கிழவர் எழுந்தே நின்றுவிட்டார். அவர் தானாக எழுந்து நின்று ஆறு மாதமாயிற்று. “என்ர வெள்ளிக் கேடயத்தைத் தூக்கிக் குடுத்தீரோ! அதுக்காக நான் மூண்டு நாள் சோறு தின்னேல்லை! தாய்மாமன் எண்டு வாக்குக் குடுத்தது பரவாயில்லை, கேடயத்தை எப்பிடிக் குடுப்பீர்?”

“உட்காருங்க ஐயா, விழுந்துடப் போறீங்க.”

“விழுவன். விழுந்தால் நீர்தான் தூக்க வேணும். அதுவும் உமக்கு வேணும்.” உட்கார்ந்தார். மூச்சு வாங்கினார். திரையைப் பார்த்தார். அங்கே பச்சைமிளகாய் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தாள். ‘அண்ணே? இருக்கீங்களா?’

“எனக்கு எழுபத்தொரு வயது” என்றார் கிழவர். “அந்தப் பிள்ளைக்கு?”

“இருபத்தாறு.”

“நல்ல அண்ணன்.” தொண்டையைச் செருமினார். “வாக்குக் குடுத்தது மணிக்கூண்டு. மணிக்கூண்டு நான். போவம். ஆனால் ஒண்டு. அங்கே நீர் நேர்ஸ். வாய் திறக்கப்படாது. அந்த அலாவுதீன் பெடியன் மணம் பிடிச்சால் எங்கட கதை முடிஞ்சுது.”

“சரிங்க ஐயா.”

“சிவப்புப் பாவாடை எண்டு அடியும்.”

அவள் அடித்தாள். நியாயம்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் காமாட்சியை நேரில் பார்த்து ஒரு வார்த்தை பேசாமல் நிற்க வேண்டும் என்பது சோற்றில் கல் மாதிரி உறுத்தியது. உறுத்தினால் உறுத்தட்டும் என்று வேலையைப் பார்த்தாள். வேலை நிறைய இருந்தது.

முதல் வேலை கை. மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்து நடுக்கம் அடங்கும், இரண்டு மணி நேரம் தாங்கும். மாத்திரைக்கு முன்னால் பால் கூடாது, வயிறு நிறையச் சாப்பிடவும் கூடாது. முகூர்த்தத்துக்கு ஏற்றபடி அவள் மாத்திரை நேரத்தை ஒவ்வொரு நாளும் கொஞ்சமாக நகர்த்தி வைத்தாள். இரண்டாவது, மடி. ஒரு அரிசிப் பையைத் துணியில் சுற்றிக் கிழவர் மடியில் வைத்து, “இது பாப்பா. இப்ப உதைக்கும், விடாதீங்க” என்று பையைப் பிடித்து இழுத்தாள். முதல் நாள் பாப்பா தரையில் விழுந்து அரிசியெல்லாம் சிதறியது. ஒரு வாரத்தில் விடாமல் பிடித்தார். “வரட்டும்” என்றார், மல்யுத்தக்காரன் மாதிரி.

பரமநாதன் ஒருநாள் சீக்கிரமாக வீட்டுக்கு வந்து, அப்பா ஒரு அரிசிப் பையைக் கட்டிப்பிடித்து “அழாதை ராசாத்தி” என்று சொல்வதைப் பார்த்தான். பத்மாவதியைத் தனியாகக் கூப்பிட்டு, டாக்டரிடம் காட்ட வேண்டுமா என்று கேட்டான்.

“வேணாம் தம்பி. ஞாயித்துக்கிழமை கார் மட்டும் எடுத்துட்டு வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கிழவர் பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் மூன்று கோடு போட்டு, விடியும் முன்பே வாசலில் உட்கார்ந்துவிட்டார். மாத்திரை நேரத்துக்கு உள்ளே போனது. கோயில் அடிவாரத்தில் கார் நின்றபோது அவர் கை இரண்டும் தூங்குகிற பூனைபோல மடியில் கிடந்தன. பத்மாவதி மனதுக்குள் தன் முதுகைத் தட்டிக்கொண்டாள்.

காது குத்து முடிந்து சேர்ந்து சாப்பிடலாம் என்று ஏழு கோட்டைக் கூட்டாளிகளும் அங்கேயே வந்து மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரையும் முன்னே பின்னே பார்த்ததில்லை. ஆனாலும் பத்மாவதிக்கு யார் யார் என்று உடனே தெரிந்தது. முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நடந்து வந்து பூக்காரியின் கூடையில் காலை விட்டவர் பெரியகருப்பன். கிணற்றில் விழுந்த ஆள் வேறு எப்படி நடப்பார்? தரையில் கிடந்த ஒரு குடையை எடுத்து, “யாரோடது இது, யாரோடது இது?” என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தவர் பட்டர்வொர்த்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஹனீபா. விளையாட்டிலும் அவர் கீழே கிடக்கும் எதையும் விட்டுவைப்பதில்லை. ஒல்லியாக, யாரோடும் சேராமல் தள்ளி நின்று எல்லாரையும் கவனித்துக்கொண்டிருந்த பையன் அலாவுதீன்.

“மணிக்கூண்டா! நீங்களா அங்கிள்!” பெரியகருப்பன் ஓடி வந்தார். “நான் என் வயசு ஆளுன்னு நெனச்சேன்லா! அந்த நாலாம் கோட்டையில என்னா அடி!”

“இவ்வளவு நாள் அண்ணேன்னு கூப்பிட்டேன், தாத்தான்னு கூப்பிட்டிருக்கணும் போல” என்றார் ஹனீபா. “கேடயத்துக்கு ரொம்ப நன்றிங்க. என் உயிரைக் காப்பாத்திச்சு.”

கிழவர் பத்மாவதியை ஒரு பார்வை பார்த்தார். “நல்லா வைச்சிரும் தம்பி” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஓநாய், பாம்பு, யார் யாரை எப்போது காப்பாற்றினார்கள், யார் பயந்து ஓடினார்கள். தெரியாதவர்களாக இருந்தும் தோளில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். மத்தியானக் கதை வரும்போதெல்லாம் கிழவர், “ஓம், ஓம், ஞாபகம் இருக்கு” என்று சமாளித்தார். கிழவருக்காகக் கூடக் கொண்டுவந்த மடக்கு நாற்காலிக்குப் பின்னால் பத்மாவதி தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெரியகருப்பன் கிணற்றுக் கதையைத் தப்புத் தப்பாகச் சொன்னார். கயிறு போட்டது அவள். ஏணி வைத்ததாக அவர் சொல்கிறார். ஏணி எங்கே இருந்தது அங்கே!

அப்போது சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. தீவுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் இருந்த காமாட்சியை எங்கோ இருப்பதாக நினைத்திருந்தோமே என்று பத்மாவதிக்குச் சிரிப்பு வந்தது. மஞ்சள் சேலை கட்டிய ஒரு சின்னப் பெண் இறங்கினாள். குழந்தையைக் கணவன் மெய்யநாதன் கையில் கொடுத்துவிட்டு, நேராக ஓடி வந்து கிழவர் காலைத் தொட்டாள்.

“அண்ணே!”

நிமிர்ந்தவள் அவர் நரைத்த தலையைப் பார்த்து ஒரு கணம் திகைத்தாள். சட்டென்று சிரித்துச் சமாளித்தாள். பிறகு பத்மாவதியைப் பார்த்தாள். “இவங்க?”

“நேர்ஸ்” என்றார் கிழவர்.

“ஓ, வணக்கம்க்கா” என்றுவிட்டுக் காமாட்சி திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான். எந்த நோயாளி வீட்டிலும் விருந்தாளிகள் இப்படித்தான் திரும்பிக்கொள்வார்கள். பத்மாவதிக்கு அது பழகியதுதான். அன்றைக்கு மட்டும் பழகாததுபோல இருந்தது.

மாமியார் மீனாள் மெதுவாக வந்து கிழவரை மேலும் கீழும் பார்த்தார். “உன் அண்ணனுக்கு எம்புட்டு வயசு காமாட்சி? எனக்கே அண்ணன் மாதிரி இருக்காரே.”

“பெரியம்மா மகன் அத்தை. பெரியம்மா ரொம்பப் பெரியவங்க.”

மீனாள் இன்னொரு தடவை கிழவரின் நரையைப் பார்த்தார். அவர் நம்பவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அடிவார மண்டபத்தில் பாய் விரித்திருந்தார்கள். காது குத்தும் பத்தர் ஊசியும் தங்கக் கம்பியும் எடுத்து வைத்தார். கிழவர் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். பத்மாவதி அவருக்கு முதுகு சாயத் தலையணை வைத்தாள். சிவப்புப் பாவாடை போட்ட பாப்பாவை அவர் மடியில் வைத்தார்கள். நாதஸ்வரம் தொடங்கியது. கூட்டாளிகள் சுற்றி நின்று கை தட்டினார்கள். பெரியகருப்பன் விசிலே அடித்துவிட்டார், பூசாரி முறைத்தார்.

அப்போதுதான் பத்மாவதி தான் கணக்கில் சேர்க்காத ஒன்றைக் கண்டாள். மாத்திரை அதன் வேலையைச் சரியாகச் செய்தது. கிழவரின் சந்தோஷம்தான் கெடுத்தது. மனது குதித்தால் நடுக்கமும் குதிக்கும். எந்த மாத்திரையாலும் அதைப் பிடித்து வைக்க முடியாது. அரிசிப் பையோடு பழகிய நாளில் நாதஸ்வரம் இல்லை, கை தட்டல் இல்லை, கண் கலங்கிப் பார்க்கும் ஒரு தங்கச்சி இல்லை. கை முதலில் மெதுவாக ஆடியது. பாப்பா அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். கை இன்னும் வேகமாக ஆடியது. பத்தர் ஊசியோடு குனிந்ததும் பாப்பா ஊசியைப் பார்த்துவிட்டாள். அலறி, மீன்போல வழுக்கி, மடியிலிருந்து பாதி இறங்கிவிட்டாள்.

பத்தர் ஊசியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “ஐயா, மன்னிச்சுக்குங்க. இப்படிக் கை ஆடினா நான் குத்த மாட்டேன். கண்ணுல கிண்ணுல பட்டுரும். வேற யார் மடியிலயாச்சும் வைங்க.”

நாதஸ்வரம் நின்றது.

“அப்பன் மடியில வச்சிருங்க” என்றார் மீனாள். குரலை உயர்த்தவில்லை. “நான் அன்னைக்கே சொன்னேன். தாய்மாமன் இல்லாத காது. இப்ப மட்டும் என்ன வந்திருச்சு?”

காமாட்சி பாப்பாவின் பாவாடையைச் சரி செய்வதுபோலக் குனிந்தாள். தன் முகத்தை மறைத்துக்கொள்ளத்தான். ஐயாத்துரை தன் இரண்டு கையையும் யாரோ ஒருவருடையதைப்போலப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமல், ஒவ்வொரு சாயங்காலமும் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

“பத்மா. கையைத் தாரும்.”

அவள் யோசிக்கவில்லை. தலையணையைத் தள்ளிவிட்டு அவர் பின்னால் முழங்காலிட்டாள். அக்குள் வழியாக இரண்டு கையையும் முன்னால் விட்டு, அவர் முதுகைத் தன் நெஞ்சோடு அணைத்தாள். பாப்பாவைத் தூக்கி அவர் மடியில் மறுபடி வைத்து, ஒரு கையால் இரண்டு குட்டிக் கையையும் சேர்த்துப் பிடித்தாள். இன்னொரு கையால் தலையை அவர் மார்போடு சாய்த்துப் பிடித்தாள். கிழவரின் கை அவள் கைக்கு மேலே கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. கீழே பாப்பா அசையவில்லை.

“மூச்சை விடு” என்றாள் பாப்பாவின் காதோரம். “ஒரே ஒரு கடிதான்.”

பத்தர் குத்தினார். பாப்பா வீல் என்றாள். “மூச்சை விடு. இன்னும் ஒரே ஒரு கடிதான்.” அந்தக் காதும் முடிந்தது. நாதஸ்வரக்காரர் யாரும் சொல்லாமலே ஊதத் தொடங்கினார்.

பத்மாவதி நிமிர்ந்தபோது காமாட்சியின் முகம் அவள் முகத்துக்கு நேர் எதிரே இருந்தது.

“என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலையே.”

“ஓநாய்க் கடி. முதல் நாள்.” காமாட்சி கிழவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி கிழவரைப் பார்த்தாள். “மத்தியானம்...”

“மத்தியானம் நான் நித்திரை” என்றார் ஐயாத்துரை. வாய் திறக்கக்கூடாது என்று சட்டம் போட்டவரே முதலில் திறந்தார். “நான் நல்ல நித்திரைக்காரன்.”

“அப்ப கிணத்துல ஏணி வச்சது?” என்றார் பெரியகருப்பன்.

“கயிறுதான்!” என்றாள் பத்மாவதி. இனி அடக்க முடியவில்லை. “காலையில இருந்து ஏணி ஏணின்னு சொல்றீங்க. ஏணி ஏது அங்க?”

“கேடயம்?” என்றார் ஹனீபா.

“அவ குடுத்ததுதான்” என்றார் கிழவர். “நான் குடுத்திருக்க மாட்டன்.”

மீனாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். பொறுமை போய்விட்டது. “என்னடி நடக்குது இங்க? உன் அண்ணன் யாரு? இவரா, இந்த அம்மாவா?”

காமாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அழுகையில்லை, சிரிப்பை அடக்கியதில் வந்த தண்ணீர். “மடி அவரோடது, கை இவங்களோடது. நீங்களே பார்த்தீங்கல்ல அத்தை. எனக்கு அண்ணன் ரெண்டு ஆளு சேர்ந்து ஒருத்தர்.”

மீனாள் பாப்பாவின் காதைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவில், கோணாமல் குத்தியிருந்தது. “ம்” என்றார். “பிடி நல்ல பிடி. அதை ஒத்துக்கணும்.” பத்மாவதியிடம் குங்குமத் தட்டை நீட்டினார். அதற்கு மேல் அவரிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை.

எல்லார் கண்ணும் அலாவுதீன் பக்கம் போனது. அவன் தள்ளி, தூணில் சாய்ந்து நின்றான். ஐயாத்துரை தொண்டையைச் செருமினார். “தம்பி, சட்டம் தெரியும். ஒரு பேருக்கு ஓர் ஆள். அழிக்கிறதெண்டால் அழியும். ஆனால் சாப்பிட்ட பிறகு அழியும்.”

“நான் இவருக்குச் சோறு ஊட்டறேன்” என்றாள் பத்மாவதி. “சாப்பிட்டது யாருன்னு கேட்டா இவருன்னுதான் சொல்லுவேன். அது மாதிரிதான் இதுவும்.”

“மத்தியானம்?” என்றான் அலாவுதீன்.

“மத்தியானம் நான் சாப்பிட்டேன்” என்று ஒத்துக்கொண்டாள்.

அலாவுதீன் தலையைச் சொறிந்தான். “ஒரு பேருக்கு ஒரு ஆள்தான். அது சட்டம். ஆனா ஒரு ஆளுக்கு எத்தனை கை இருக்கலாம்னு நான் எழுதலை அங்கிள். எழுதப் போறதும் இல்ல. பசிக்குது, போகலாமா?”

பெரியகருப்பன் இந்தத் தடவை விசில் அடித்தபோது பூசாரிகூட முறைக்கவில்லை.

வாழையிலையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். காமாட்சி பத்மாவதியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அண்ணனுக்கென்று எடுத்து வந்த வேட்டியைக் கிழவருக்குக் கொடுத்துவிட்டு, கூட இருந்த சரிகைத் துண்டை அவள் தோளில் போட்டாள். “அக்கான்னு கூப்பிடவா இனிமே?”

“பழக்கத்தை மாத்தாதே. அண்ணேன்னே கூப்பிடு” என்றாள் பத்மாவதி, ரசத்தைக் கையால் தடுத்துக்கொண்டே. “காதுல மஞ்சள் கிஞ்சள் அப்பாதே. உப்புத் தண்ணியில துடை. கம்பியைத் தினமும் திருப்பி விடு. அழுவா, விடாதே.”

திங்கள்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் டெலிபோன் வயரை மாட்டினாள். பூனைச் சண்டை அடங்கியது. திரும்பிப் பார்த்தால் ஐயாத்துரை படுக்கையில் இல்லை. பக்கத்து நாற்காலியில், கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“தூங்கலையா ஐயா?”

“இல்லை. மத்தியானம் உம்மட நேரம். நான் சும்மா பார்க்கிறன்.”

‘அண்ணே, பாப்பா காது நல்லா இருக்கு’ என்று பச்சைமிளகாய் வந்து நின்றாள். ‘யாரு இருக்கீங்க?’

‘ரெண்டு பேரும்’ என்று பத்மாவதி அடித்தாள். காட்டுக்குள் ஓர் ஓநாய் ஊளையிட்டது.

“அடியும்!” என்றார் சும்மா பார்க்க வந்தவர். “பயப்படாதையும், அடியும்!”

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, இந்தத் தடவை ‘ஓடு’ என்று மாற்றாமல், அவர் சொன்னதையே அடித்தாள்.